சிரிப்பா, விற்பனையா?

"சிரிப்பு விளம்பரத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? தடை, தடை என்றால் படைப்புச் சுதந்திரம் ஏது?" என்று கேட்கிறார் சுங்கை காடுட் நண்பர். 2017 நோன்புப் பெருநாளையொட்டி வந்த மலேசிய வாட்சன்ஸ் அழகுப் பொருள் கடையின் விளம்பரக் காணொளியைச் சொல்கிறார். அந்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டு அதை மீட்டுக்கொண்டது. கடைக்காரருக்கே உறைத்தது இவருக்கு உறைக்கவில்லை!

அது தழுவிய டாயாங் செனண்டுங் பழைய மலாய்க் கதைதானே என்கிறார். இருக்கட்டும். நடிகையின் முகத்தில் கறுப்பு பூசி, பார்த்தவரை மிரளவைத்து, கழுவி வெளுத்ததும் அழகி என்றால், அங்கே கதை போய் வியாபாரம் வந்துவிடுகிறது. சொன்னவர் பாட்டியல்ல, அழகுப் பொருள் விற்பவர். கறுப்பு சாபம், வெளுப்பு விமோசனம். விமோசனம் கடையில் கிடைக்கும்!

இந்திய விளம்பரத் தர மன்றம் கறுத்த நிறத்தைக் குறையாகக் காட்டக்கூடாதென்று 2014இலேயே நெறி வகுத்தது. 2019இல் சிங்கப்பூரில் சீன நடிகர் தோலைக் கறுப்பாக்கி இந்தியராக நின்ற இ-பே மின்கட்டணச் சேவை விளம்பரமும் மன்னிப்பில்தான் முடிந்தது.

"தோட்டத்துச் சனம் இதற்கெல்லாம் கோபப்படாது" என்கிறாரே, எந்தத் தோட்டத்துப் பெண்ணைக் கேட்டார்? பால்மரம் வெட்டியவர்களின் பேத்திகளிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதட்டும்.