பாக்கெட்டில் அச்சிட்ட இதயம்

பெங்களூரு பசவனகுடியில் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையையொட்டி நடைபெறும் கடலெக்காய் பரிஷே, நிலக்கடலை விவசாயிகளின் பழமையான திருவிழாவாகும். கர்நாடகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரம், தமிழகத்திலிருந்தும் வந்து சேரும் கடலை, பெரிய நந்தி கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் குவியல் குவியலாக விற்பனையாகிறது. அதே நகரின் தள்ளுவண்டிகளில் அன்று மாலை பஜ்ஜியும் போண்டாவும் பொரிவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறி வந்த பாமாயிலில்தான். கடலை விளையும் மண்ணில், கடலை எண்ணெய் உழைப்பாளியின் அடுப்புக்கு எட்டாத பொருளாகிவிட்டது.

2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை, அன்னபாக்யா திட்டத்தின் கீழ் கூடுதலாக வழங்கப்படும் 5 கிலோ அரிசிக்குப் பதிலாகப் பருப்பு, சர்க்கரை, உப்பு, சமையல் எண்ணெய் அடங்கிய ‘இந்திரா உணவுப் பை’ வழங்குவதென முடிவு செய்தது. அந்தப் பட்டியலில் ‘எண்ணெய்’ என்பது ஒரே ஒரு சொல். ஆனால் எந்த எண்ணெய், யாரிடமிருந்து வாங்கப்படுவது என்ற கேள்வி, கோடிக்கணக்கான மக்களின் உடல்நலத்தையும் பல லட்சம் விவசாயிகளின் பிழைப்பையும் தொடுகிறது.

சமையல் எண்ணெயைப் பற்றி இன்று நாட்டில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. பாமாயில் விஷம், சுத்திகரித்த எண்ணெய் எல்லாமே விஷம் என்கிறது ஒரு குரல். அமெரிக்காவில் சுகாதாரத் துறைப் பொறுப்பிலிருக்கும் ராபர்ட் கென்னடி ஜூனியரே விதை எண்ணெய்களைச் சாடி மாட்டுக் கொழுப்பைப் பரிந்துரைத்த பிறகு, இந்தக் குரலுக்கு உலக அங்கீகாரமே கிடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. தன் எண்ணெய் இதயத்துக்கு நல்லது, கொலஸ்ட்ரால் இல்லாதது என்கிறது மற்றொரு குரல். இரண்டும் முடிவில் நுகர்வோரை ஒரே இடத்துக்குத்தான் கொண்டு வருகின்றன: இன்னும் விலை கூடிய பாக்கெட்டின் முன்னால். பெங்களூருவின் வசதியான பகுதிகளில் ‘பாமாயில் இல்லை’ என்று அச்சிட்ட பிஸ்கட்டும், மரச்செக்கு எண்ணெய்க் கடைகளும் பெருகியிருப்பது தற்செயலல்ல.

அறிவியல் சொல்வது இதைவிடச் சிக்கலானது. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. சூரியகாந்தி எண்ணெயிலோ கடலை எண்ணெயிலோ இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். அன்றாடம் அதிக அளவில் உண்டால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய சர்ச்சை இல்லை. 200 டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சுத்திகரிக்கும்போது தாவர எண்ணெய்களில், குறிப்பாகப் பாமாயிலில், கிளைசிடில் எஸ்டர் போன்ற தீங்கான சேர்மங்கள் உருவாவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் சுட்டிக்காட்டியது. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்கு உச்சவரம்பும் விதித்தது. அதே வேளையில், செக்கில் ஆட்டியது என்பதாலேயே ஓர் எண்ணெய் நல்லதாகிவிடாது. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்லடாக்சின் என்ற நச்சு சுத்திகரிக்கப்படாத எண்ணெயில் தங்கிவிடும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 90 சதவீதம். ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற விளம்பரமோ வெறும் வேடிக்கை. தாவர எண்ணெய் எதிலும் சொல்லத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் கிடையாது. தண்ணீர் பாட்டிலில் ‘எலும்பு இல்லை’ என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இத்தகைய வாக்குறுதிகளின் மதிப்பை 2021 ஜனவரியில் நாடே கண்டது. அதானி வில்மர் நிறுவனத்தின் ரைஸ் பிரான் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று விளம்பரம் செய்துவந்த கிரிக்கெட் வீரர் சௌரவ் கங்குலி, மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சமூக ஊடகங்களில் கேலி எழுந்ததும் நிறுவனம் அந்த விளம்பரங்களை நிறுத்தி வைத்தது. அது மருந்தல்ல, சமையல் எண்ணெய்தான் என்று நிறுவனத்தின் நிர்வாகி விளக்கமளிக்க நேர்ந்தது. ஒருவரது நோயை வைத்து எண்ணெயை எடை போடுவது முறையல்ல. அவரது மாரடைப்புக்கு அந்த எண்ணெய் காரணமென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மருந்தல்ல என்ற அந்த உண்மை முதல் விளம்பரத்திலேயே ஏன் இடம்பெறவில்லை என்ற கேள்வி நிற்கிறது. அதானி குழுமத்தின் கூட்டாளியாக இருந்த சிங்கப்பூரின் வில்மர், உலகின் மிகப்பெரும் பாமாயில் வர்த்தக நிறுவனங்களுள் ஒன்று என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. இதயத்தைக் காட்டி எண்ணெய் விற்கும் சந்தையும், மலிவு பாமாயிலைக் கொண்டுவந்து கொட்டும் சந்தையும் வெவ்வேறு கைகளில் இல்லை.

பிரதமர் மோடிக்கு இதற்கு எளிய தீர்வு கிடைத்தது. 2025 பிப்ரவரி ‘மனதின் குரல்’ உரையில், ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் 10 சதவீத எண்ணெயைக் குறைத்து வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எண்ணெய் நுகர்வு கூடியிருப்பது உண்மைதான். தலைக்கு ஆண்டொன்றுக்கு 12 கிலோ போதுமென்று பரிந்துரைக்கப்படும் நிலையில், அது 19.7 கிலோவை எட்டிவிட்டதாக நிதி ஆயோக்கின் 2024ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. ஆனால் இந்தச் சராசரிக்குள் இரண்டு இந்தியாக்கள் இருக்கின்றன. மாதம் ஒரு லிட்டர் பாக்கெட்டை எண்ணி ஊற்றும் குடும்பத்திடமும் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொல்வது அறிவுரையாகாது. பீன்யாவின் பட்டறைத் தொழிலாளியும், இரவு 11 மணிக்கு வண்டியை நிறுத்தும் உணவு விநியோக ஊழியரும் தங்கள் எண்ணெயைத் தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை. அது பொரித்த பண்டத்தோடு சேர்ந்து வருகிறது.

பாமாயில் இந்நாட்டின் அடுப்புகளில் தானாக வந்து அமரவில்லை. 1986இல் தொடங்கப்பட்ட எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கமும், தேசியப் பால்வள வாரியத்தின் ‘தாரா’ போன்ற கூட்டுறவு முயற்சிகளும், பாதுகாக்கப்பட்ட சந்தையும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் இந்தியாவை ஏறக்குறைய தன்னிறைவுக்குக் கொண்டுவந்தன. கர்நாடகத்திலும் எண்ணெய் வித்து உற்பத்தியாளர் கூட்டுறவு இணையம் உருவானது அக்காலத்தில்தான். நரசிம்மராவ் அரசாங்கத்தின் தாராளமயம் 1994இல் பாமாயிலுக்குக் கதவைத் திறந்தது. 65 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி நான்கே ஆண்டுகளில் 15 சதவீதமாகச் சரிந்தது. உலக வர்த்தக அமைப்பில் பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி விதிக்கும் உரிமை இந்தியாவுக்கு இருந்தபோதே இது நடந்தது. பின்னர் ஆசியான் நாடுகளுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அந்த உரிமையையும் சுருக்கியது. அதை எதிர்த்து 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை இடதுசாரிகள் மனிதச் சங்கிலி அமைத்தபோது, வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று ஏசியவர்கள் பலர். இன்று நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதியாகிறது. அதில் ஏறத்தாழ பாதி பாமாயில்.

மோடி அரசாங்கம் இந்தப் பாதையை மாற்றவில்லை. 2021 அக்டோபரில் சுத்திகரிக்கப்படாத சமையல் எண்ணெய்களின் அடிப்படை வரியைப் பூஜ்யமாக்கியது. 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக உயர்த்தியது. 2025 மே மாத இறுதியில் மீண்டும் 10 சதவீதமாகக் குறைத்தது. எந்த விலையை நம்பி விதைப்பது என்று விவசாயிக்குத் தெரியாது. சூரியகாந்தி உற்பத்தியில் கர்நாடகம் நாட்டிலேயே முதலிடம் வகித்தும், அதன் சாகுபடிப் பரப்பு பழைய அளவின் நிழலாகச் சுருங்கிவிட்டது. 2022இல் உக்ரைன் போர் வெடித்தபோது பெங்களூருவின் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியதற்கும், ராய்ச்சூரிலும் கொப்பளிலும் அப்பயிர் கைவிடப்பட்டதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. தன்னிறைவு என்ற பெயரில் 11,040 கோடி ரூபாய் ஒதுக்கி 2021இல் அறிவிக்கப்பட்ட திட்டமோ எண்ணெய்ப் பனைக்கானது. நீரை உறிஞ்சும், பலன் தர நான்கைந்து ஆண்டுகள் எடுக்கும், ஆலை முதலாளியைத் தவிர வேறு யாரிடமும் விற்க முடியாத பயிர் அது. பறித்த குலையை ஓரிரு நாளில் ஆலைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் கெட்டுவிடும்.

இனி சட்டிக்கு வருவோம். உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து எண்ணெயின் பெயரைவிட, அதை எத்தனை முறை காய்ச்சுகிறார்கள் என்பதிலேயே அதிகம். திரும்பத் திரும்பக் கொதிக்கும் எண்ணெயில் உருவாகும் கேடான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாதென 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துவோர் கணக்கு வைத்திருக்க வேண்டும். பழைய எண்ணெயை உயிரி டீசல் தயாரிப்போரிடம் தர வேண்டும். ஆனால் பெரிய சமையலறைகளில் கழித்த எண்ணெய், இடைத்தரகர் வழியாக மலிவு விலையில் சிறு வியாபாரிகளைச் சென்றடைவது ஊரறிந்த ரகசியம். சோதனை நடக்கும்போது பிடிபடுபவர் தள்ளுவண்டிக்காரர். 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறமிகளைத் தடை செய்த கர்நாடக அரசு, மீறினால் ஏழாண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என எச்சரித்தது. தடை சரியானதே. ஆனால் அந்த நிறமியைத் தயாரித்து மொத்தமாக விற்றவர்கள் மீது அந்த அளவுக்குக் கவனம் பாயவில்லை.

முன்பும் இப்படித்தான் நடந்தது. 1998இல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 3,000 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். கலப்படத்தின் வேரைத் தேடுவதைக் காட்டிலும் வேகமாக, எண்ணெயைப் பாக்கெட்டில் மட்டுமே விற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. கலப்படத்தைத் தடுக்க விதி தேவை என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் சோதனைக்கூடமோ கடனோ கூட்டுறவு உதவியோ கிடைக்காத சிறு செக்குகள் மூடப்பட, அவை விட்டுச்சென்ற சந்தையைப் பெருநிறுவனங்களின் பாக்கெட்டுகள் பிடித்துக்கொண்டன.

அரசு உறுதியாக நின்றால் என்ன முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. வனஸ்பதி போன்றவற்றில் மலிந்திருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. முடியாது, தொழில் அழிந்துவிடும் என்று சொன்ன ஆலைகள் இன்றும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

தமிழகத்தில் 2007இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது. விலைவாசியின் கொடுமையிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் காத்த திட்டம் அது. அதைக் குறை சொல்வது எளிது, மாற்றுத் தருவது கடினம். தென்னை, நிலக்கடலை விவசாயிகள் தங்கள் எண்ணெயை ரேஷனில் சேர்க்கக் கோருவதன் நியாயம், மானியத்தைப் பறிக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றுவதில் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பை மனதில் கொண்டால் கடலையும் எள்ளும் சூரியகாந்தியும் முதலிடம் பெற வேண்டும். கர்நாடகத்தின் உணவுப் பை அதற்கான வாய்ப்பைத் தருகிறது. எண்ணெய் வித்துக் கூட்டுறவு இணையத்தின் வழியாக, குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்த கடலை, சூரியகாந்தியிலிருந்து ஆட்டிய எண்ணெயை அரசு அந்தப் பையில் வைக்க வேண்டும். இடைவெளியை நிரப்பத் தனியார் டெண்டர் விட்டால் அங்கும் வந்து நிற்கப்போவது இறக்குமதிப் பாமாயில்தான்.

கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் உருவாகியுள்ள ஐந்து மாநகராட்சிகளும், தெரு வியாபாரிகளிடமிருந்து பழைய எண்ணெயை விலை கொடுத்துத் திரும்பப் பெறும் மையங்களை வார்டுதோறும் திறக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். சோதனை முதலில் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் சமையலறைகளில் தொடங்க வேண்டும். ‘இதயத்துக்கு நல்லது’ என்று அச்சிடும் நிறுவனம், அதற்கான ஆதாரத்தை விற்பனைக்கு முன்பே ஆணையத்திடம் சமர்ப்பித்து, பொதுமக்கள் பார்வைக்கும் வைக்க வேண்டும். தெரு வியாபாரிகள் சங்கங்களும் விவசாயிகள் சங்கமும் மாதர் அமைப்புகளும் இந்தக் கோரிக்கைகளைச் சேர்ந்து முன்வைக்க, உணவுப் பைக்கான கொள்முதல் முடிவாவதற்கு முன்னுள்ள நாட்களே உகந்த தருணம்.