உல்லாசப் பயணி என்னும் பொய்ப் பெயர்

நம் சங்கக் கிளைகளுக்கு வரும் முறையீடுகளில் முன்பெல்லாம் குடிசை இடிப்பும், ரேஷன் அட்டையும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பும்தான் முன்னால் நிற்கும். இப்போது வேறொன்று அவற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. "விசிட் விசாவில் போனான். விசா மாற்ற வெளியே போய்விட்டுத் திரும்பினான். உள்ளே விடவில்லை. சம்பளம் அங்கே கிடக்கிறது, பெட்டி அங்கே கிடக்கிறது, பையன் மட்டும் இங்கே வந்து நிற்கிறான்" என்று தாய்மார்கள் வந்து கண்ணீர் வடிக்கிறார்கள். அனுப்பிய ஏஜெண்டு யார் என்று கேட்டால் பாதிப்பேர் வாய் திறப்பதில்லை. அவன் சொந்த ஊர்க்காரன். சில வீடுகளில் சொந்தக்காரனே!

ஆகவே இத்திங்கள் தலையங்கத்தை இந்த விசா விவகாரத்துக்கே ஒதுக்குகிறோம்.

சுற்றுலா விசா என்பது யாருக்காக எழுதப்பட்ட சீட்டு? கையில் காசு வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க வந்து, பார்த்து முடித்ததும் வீடு திரும்புகிறவனுக்காக எழுதப்பட்டது. நம் பிள்ளைகள் எந்தக் கோபுரத்தைப் பார்க்கப் போகிறார்கள்? சாரம் கட்டவும், ஓட்டலில் தட்டுக் கழுவவும், பட்டறையில் வெல்டிங் வைக்கவும் போகிறார்கள். அவர்களுக்கு 'உல்லாசப் பயணி' என்று பெயர் சூட்டி அனுப்புகிறான் ஏஜெண்டு. அந்தப் பெயர் பொய் என்பது ஏஜெண்டுக்குத் தெரியும். அங்கே வேலை வாங்கும் முதலாளிக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்க்குக் கீழே கைநாட்டு வைப்பவன் தொழிலாளி. பிடிபட்டால் சிறைக்கும் விமானத்துக்கும் இழுபடுபவனும் அவனே.

போய்ப் போய் வந்து பிழைப்பது தமிழனுக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 'ரஜூலா' கப்பல் 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தக் கடலில் ஓடியது. அது பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. கங்காணிகள் கூலிகளை ஓட்டிச் சென்றதும் அதே கடல்வழியில்தான். ஆயினும் ஊருக்கு வந்து பெண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. 1950களில் மலாயா தன் நுழைவுச் சட்டத்தை இறுக்கிய பிறகு அந்த வழி குறுகிற்று. அன்று குறுகிய வழிக்குள் இன்று புகுந்து ஓடப் பார்ப்பதுதான் 'விசா மாற்றும்' இந்த ஓட்டம்.

விதிகளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், தோழர்களே. மும்பை லோக்கல் வண்டிக்கு மாத பாஸ் எடுத்தவன், கடைசித் தேதி வரையில் எத்தனை முறையும் ஏறலாம், இறங்கலாம். கேட்பாரில்லை. 'மல்டிபிள் என்ட்ரி' என்று அச்சிட்ட விசாவையும் நம்மவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் குடி கெடுகிறது. விசாவின் மேல் உள்ள கடைசித் தேதி ஒரு கணக்கு. ஒருமுறை உள்ளே நுழைந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொரு கணக்கு. பல நாடுகளில் இவற்றுக்கு மேலே மொத்த நாள் கணக்கு என்று மூன்றாவதும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஐந்தாண்டுச் சுற்றுலா விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு என்றதும் வாய் பிளக்கிறோம். ஒரு தடவைக்கு 90 நாள். நீட்டிப்பு வாங்கினாலும் ஓர் ஆண்டில் மொத்தம் 180 நாளுக்கு மேல் கூடாது. அதைப் பெறுவதற்கே கடந்த ஆறு மாதமும் வங்கியில் 4,000 அமெரிக்க டாலர் இருந்ததாகக் காட்ட வேண்டும். நம் தெருவில் யாரிடம் இருக்கிறது 4,000 டாலர்? ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான். இடையில் ஒருநாள் வெளியே போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது. அங்கே 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகமும் பதிந்து இயந்திரமே நாளை எண்ணும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முத்திரை மங்கலாக விழுந்தது, அதிகாரி பார்க்கவில்லை என்று தப்பிக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமலே 30 நாள் அனுமதி என்று அறிவித்ததும் ஏஜெண்டுகளுக்குத் தீபாவளி வந்துவிட்டது. "முப்பது நாள் முடிந்தால் தாய்லாந்துக்குள் காலை வைத்துவிட்டு வா, இன்னொரு முப்பது நாள்" என்பது அவர்கள் சொல்லும் மந்திரம். ரயில்வேக்காரன் என்ற முறையில் பாடாங் பெசார் ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. மலேசிய எல்லைக்குள் உள்ள அந்த ஒரே ஸ்டேஷனில் மலேசியக் குடிநுழைவு மேசையும் இருக்கிறது, தாய்லாந்து மேசையும் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குள் போய்விடலாம்! இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து. போன அன்றே திரும்பி வருகிறவனை மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். திரும்பும் டிக்கெட் எங்கே, தங்கும் இடம் எது, செலவுக்குப் பணம் எவ்வளவு என்று கேட்கிறார். விசா இல்லாத அனுமதி என்பது உரிமை ஆகாது. உள்ளே விடுவதும் விடாததும் அந்த அதிகாரியின் கையில். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்தே 'இறங்க அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. நாள் கடந்து தங்கிவிட்டாலோ, மலேசியச் சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தாய்லாந்தின் பக்கமும் கதவு இறுகிவிட்டது. விசா இன்றித் தரைவழியாக நுழைவது ஓர் ஆண்டில் இரண்டு முறைதான் என்று முன்பே வைத்திருந்தார்கள். 2025 நவம்பரில், தக்க காரணமின்றி இரண்டு முறைக்கு மேல் இப்படி வெளியே போய் உள்ளே வந்தவர்களைத் தடுக்கப்போவதாக அந்நாட்டுக் குடிநுழைவுத் துறை அறிவித்தது.

வளைகுடாவில் இதே கூத்து வேறு மேடையில் நடந்தது. அமீரகத்தில் விசிட் விசா முடிந்தவர்களை ஈரானுக்குச் சொந்தமான கீஷ் தீவுக்கு அனுப்பி, புது விசா வரும்வரை உட்கார வைப்பது 2000களில் பெரிய வழக்கம். அந்தத் தீவுக்குள் போக விசா தேவையில்லை. திரும்பி வரத்தான் தேவை. சொன்னபடி விசா வராமல், கைக்காசு கரைந்து, கட்டிலுக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் அங்கே கிடந்தவர்கள் எத்தனையோ பேர்.

நம் கிளைக்கு வந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறோம். குடும்பத்தின் பெயர் வேண்டாம். தகப்பனார் குப்பை வண்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. பையன் பத்தாவது தேறவில்லை. ஏஜெண்டு 90,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 60 நாள் விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு அனுப்பினான். சாரம் கட்டும் வேலை. 'பர்மிட் வருகிறது, வருகிறது' என்று சொல்லியே நாளைக் கடத்தினார்கள். விசா முடிந்து 40 நாள் ஆகிவிட்டது. நாளொன்றுக்கு 50 திர்ஹம் வீதம் 2,000 திர்ஹம் அபராதம். நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, 'ஊருக்குப் போ, பத்து நாளில் புது விசா' என்று விமானம் ஏற்றினார்கள். புது விசா மறுக்கப்பட்டுவிட்டது. இரண்டு மாதச் சம்பளப் பாக்கி கேட்டால், அந்தப் பெயரில் எங்களிடம் ஆளே இல்லை என்கிறது கம்பெனி. சொல்வது சரிதானே! ஒப்பந்தம் இல்லை, பர்மிட் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. ஷார்ஜாவைச் சுற்றிப் பார்க்கப் போன உல்லாசப் பயணிக்குச் சம்பளப் பாக்கி ஏது? வீட்டிலோ வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான்.

பர்மிட் இல்லாதவனை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1,00,000 முதல் 10,00,000 திர்ஹம் வரை அபராதம் என்று அமீரகம் 2024இல் சட்டத்தைக் கடுமையாக்கியது. நல்லதுதான். அதே ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, நாள் கடந்து தங்கியவர்கள் அபராதமும் மறுநுழைவுத் தடையும் இல்லாமல் வெளியேறப் பொதுமன்னிப்பும் கொடுத்தது. அதைப் பயன்படுத்தியவன் பிழைத்தான். ஆனால் பொதுமன்னிப்பு வரும் என்று காத்திருந்து பிழைப்பு நடத்த முடியுமா?

இனி நம் சர்க்காருக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவன் 18 நாடுகளில் வேலைக்குப் போக வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பதினெட்டில் அடக்கம். அப்படி முறையாகப் போகிறவனுக்கு ஒப்பந்தம் உண்டு. இரண்டாண்டுக்கு வெறும் 275 ரூபாய் பிரிமியமும் வரியும் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸ் உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கூலி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அந்தப் பையனிடம் வாங்கியது 90,000! அவனே விசிட் விசாவில் போகும்போது இந்த அனுமதி தேவையில்லை. ஏனென்றால் அவன் வேலைக்குப் போகவில்லையாம். சட்டத்தின் முன்வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்து போட்டிருக்கிறார்கள்.

பத்தாவது தேறியவன் கதையும் அப்படித்தான். அவன் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி தேவையில்லை என்றதும், அவனைப் பற்றிய கவலையும் தேவையில்லை என்று சர்க்கார் முடிவு கட்டிவிட்டது. இதை எழுதுபவனும் மெட்ரிக் தேறியவன்தான். அந்தச் சான்றிதழ் எந்த அரபிக் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது? இவர்களும் போவதற்கு முன் பதிந்துகொள்ள வேண்டும் என்று 2018 நவம்பரில் உத்தரவு போட்டார்கள்; எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். 'கணினி வேலை' என்று பாங்காக்குக்குச் சுற்றுலாப் பயணிகளாகப் போய், மியான்மரின் மியாவாடி மோசடிக் கூடாரங்களில் சிக்கியவர்களில் பலர் படித்த பிள்ளைகள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் அங்கிருந்து மீண்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை அழைத்துவர வேண்டியதாயிற்று.

பெண்கள் விஷயம் இன்னும் கொடுமை. பத்தாவது தேறாத, 30 வயது நிரம்பாத பெண்ணுக்கு அந்த 18 நாடுகளில் வேலை செய்ய அனுமதியே கிடையாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். பசி வயதைக் கேட்பதில்லையே! வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரிகளை விசிட் விசா என்னும் பின்வாசலுக்குத் தள்ளியதுதான் அந்தப் பாதுகாப்பின் பலன்.

அப்படியானால் ஏழைகளை விமான நிலையத்திலேயே மடக்கி நிறுத்திவிடலாமே என்று சில கனவான்கள் யோசனை சொல்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. சந்தேகத்தின் பேரில் சாயம்போன சட்டைக்காரனைத்தான் மடக்குவார்கள்; ஏஜெண்டு வாசலில் நின்று அடுத்தவனுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டிருப்பான். சந்தேகத்தை வைத்துப் போடும் விதி யாரை அடிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2009 இறுதியில் மத்திய அரசு, சுற்றுலா விசாவில் வந்து போன அயல்நாட்டார் இரண்டு மாதம் கழியாமல் மீண்டும் வரக்கூடாது என்று விதித்தது. மும்பைத் தாக்குதல் வழக்கில் தொடர்புடைய ஹெட்லி பலமுறை வந்துபோனது அம்பலமானதன் விளைவு அது. நேபாளத்தையோ இலங்கையையோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைத்த சாதாரண மனிதர்கள் திண்டாடினார்கள். 2012இல் பெரும்பாலோர்க்கு விதியை நீக்கினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம் உள்ளிட்ட சில நாட்டாருக்கும் நாடற்றவர்களுக்கும் மட்டும் நிறுத்தி வைத்தார்கள். 'நாடற்றவர்' என்ற சொல்லைத் தமிழன் எளிதாகக் கடந்துபோக முடியாது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களை அந்தப் பெயரில்தான் நிறுத்தியது.

1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவின் வரைவை மத்திய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்டது. அது எந்த வடிவம் எடுத்தாலும், விசிட் விசாவில் வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டைத் தண்டிக்கவும், அப்படிப் போய் ஏமாந்தவனைக் குற்றவாளியாக்காமல் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டு அவன் சம்பளத்துக்காகத் தூதரகம் வாதாடவும் அதில் இடம் வேண்டும். அங்கே போனபின் முறையான பர்மிட் பெறுகிறவனுக்கும் இன்சூரன்ஸ் கதவைத் திறக்க வேண்டும். முப்பது வயது விதியை எடுத்துவிட வேண்டும். இவையே நம் சங்கத்தின் கோரிக்கைகள்.

சர்க்கார் அசையும்வரை வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஏஜெண்டுக்கு இ-மைக்ரேட் இணையத்தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் கிளைக்கு வாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் நுழைவு முத்திரை விழுந்த பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பட்டும். முத்திரை இல்லாத இடங்களில் நுழைந்த தேதியை எழுதி அனுப்பட்டும். வீட்டிலும் ஒருவர் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டு வரட்டும். 'வெளியே போய் வா' என்று முதலாளி சொன்னால், வரவேண்டிய சம்பளத்தைக் கையில் வாங்காமல் விமானம் ஏற வேண்டாம். அவசரத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090.

மேற்கண்ட கோரிக்கைகள் அடங்கிய மனு கிளைகளுக்கு அனுப்பப்பட்டுள்ளது. விசிட் விசாவில் போய்ப் பாதிக்கப்பட்டவர்களின் விவரங்களைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு தனித்தாளில் எழுதி, கையொப்பத் தாள்களுடன் இத்திங்கள் இறுதிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புமாறு கிளைச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.