இளைஞர் அரங்கம்: நாமே அமைக்கும் மின்னளவி

விடுமுறையில் நம் பிள்ளைகள் பயனுள்ள கைவேலை ஒன்று பழகுதல் நன்று. மின்னழுத்தம் அளக்கும் டிஜிட்டல் மீட்டரை, 'ஆர்டுயினோ ஊனோ' என்னும் சிறு பலகை கொண்டு அவர்களே அமைக்கலாம்.

இப்பலகையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர், 0 முதல் 5 வோல்ட் வரையுள்ள அழுத்தத்தை 1024 படிகளாகப் பகுத்து எண்ணாக்கித் தருகின்றது. ஒரு படி ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். இவ்வெல்லையை மீறினால் பலகை பழுதாகும். ஆகவே 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஆகிய இரு தடைகளைத் தொடராக இணைத்து, சிறியதன் முனைகளில் தோன்றும் பதினொன்றில் ஒரு பங்கையே பலகைக்கு ஊட்டவேண்டும். 12 வோல்ட் பாட்டரியை இணைத்தால் 223 என்னும் எண் வரும். அதனை வோல்ட்டாக மாற்றிப் பதினொன்றால் பெருக்குக.

படிக்கல் குறைந்தால் தராசு பொய் சொல்லும். பலகைக்கு வரும் 5 வோல்ட் 4.7 ஆகக் குறையின், அந்த 12 வோல்ட் 12.8 எனத் தோன்றும். தளர்ந்த பாட்டரியும் நிறைந்ததாகக் காட்டும். கடையில் வாங்கிய நல்ல மீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்க.

பெற்றோர்க்கு ஒரு சொல்: வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இக்கருவி ஒருபோதும் தீண்டலாகாது. அதனைத் தாங்கும் காப்பு இதற்கில்லை. அளக்கக் கற்பிக்கும்போதே எல்லையையும் கற்பிப்போம்.