கணினி ஆர்வலர்களின் ‘அரசியல் வேண்டாம்’ அரசியல்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சென்னையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். எல்லோரும் கணினி ஆர்வலர்கள். குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் எழுதுவது ஒரு குழுவைப் பற்றி மட்டும் அல்ல. டெபியன் நல்லதா ஆர்ச் நல்லதா என்று தொடங்கும் பேச்சு, ராஸ்பெரி பையில் பை-ஹோல் போட்டு வீட்டுக்குள் விளம்பரமே வராமல் தடுப்பது எப்படி என்று போகும். அங்கிருந்து தொலைக்காட்சிச் சேனல்கள் எந்த முதலாளி கையில் இருக்கின்றன, ஆதார் நம்மை எப்படி வேவு பார்க்கிறது என்றெல்லாம் நீளும். எல்லோரும் நல்லவர்கள். லினக்ஸில் எனக்குத் தெரிந்ததில் பாதி இவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்றார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் அதுதான் பேச்சு. “நம்ம வரிப்பணம்” என்றார் ஒருவர். “பாதிப் பேர் வித்துடுவான், மீதிப் பேர் படம் பார்ப்பான்” என்றார் இன்னொருவர். “ஆர்வம் இருக்கிறவன் எப்படியாவது கம்ப்யூட்டர் வாங்கிடுவான் பாஸ்” என்று ஒரு தம்பி முடித்து வைத்தான். சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன். என் மடியில் இருந்தது நிறுவனம் கொடுத்த கணினி என்பதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

என் முதல் கணினி 2013இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. மூடியின் மேல் முதலமைச்சரின் படம் இருக்கும். கல்லூரிக்காகச் சென்னை வந்த பிறகு, 2016இல் இந்தக் குழுவுக்கு முதன்முறை போவதற்கு முந்தைய இரவு, அந்தப் படத்தை மறைத்து ஒரு பென்குயின் ஸ்டிக்கர் ஒட்டினேன். லினக்ஸ் மீதான காதல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். காதலும் இருந்ததுதான். ஆனால் அந்த ஸ்டிக்கரை அவ்வளவு பெரிதாகத் தேடி வாங்கியதற்குக் காரணம் வேறு.

எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம். காலனியில் வீடு. அப்பாவுக்குக் கரும்பு வெட்டும் வேலை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதற்கு மூன்று பேர் போட்டி: கலைஞர் ஆட்சியில் வந்த டிவி, ஜெயலலிதா ஆட்சியில் வந்த மிக்ஸி, கடைசியாக என் மடிக்கணினி. மூன்றுமே அரசு கொடுத்தவை. ‘ஸ்மார்ட் ஹோம்’ பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த பிளக் பாயிண்ட் நினைவுக்கு வரும். 2012, 2013 ஆண்டுகளின் மின்வெட்டு சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. கரண்ட் வரும் நேரம் பார்த்து எழுந்து சார்ஜ் போட்டிருக்கிறேன்.

அந்தக் கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வழிகள் காட்டும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. வகுப்பில் எல்லோரும் முதலாவதை அழுத்தினார்கள். நான் ஒருநாள் இரண்டாவதை அழுத்தினேன். பிறகு எதையோ அழிக்கப்போய் இரண்டுமே வராமல் போனது. பயத்தில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணன் டிவிடி எழுதிக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று தாளில் வரிசையாக எழுதியும் கொடுத்தார். நான் ஆர்வலன் ஆனது அப்படித்தான். உடைத்துப் பார்க்க ஒரு பொருள் என்னுடையதாக இருந்தது. உடைந்தால் அடிக்க முதலாளி இல்லை.

‘ஆர்வம்’ என்பது பிறவியிலேயே மூளைக்குள் எரியும் விளக்கு என்று நம் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. தனிநபர் கணினிக் காலத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப், 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் முதன்முதலில் கூடியது. கார் நிறுத்த இடம் இருக்கும் அளவுக்கு வீடு, காரை வெளியே விட்டுவிட்டு அந்த இடத்தைப் பொழுதுபோக்குக்குக் கொடுக்கும் வசதி, வேலை முடிந்த பின் மிச்சமிருக்கும் மாலை நேரம். லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் தொட்ட கணினி, பேராசிரியரான அவருடைய தாத்தா வாங்கிய கமடோர் விக்-20. 1991இல் அவர் லினக்ஸ் எழுதியபோது படித்தது கல்விக் கட்டணம் இல்லாத ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில். அவர் திறமையை இது குறைக்கவில்லை. அந்தத் திறமைக்குக் கீழே ஒரு குடும்பமும் ஓர் அரசும் நின்றன என்று மட்டும் சொல்கிறேன். என் தாத்தா வாங்கிய கணினி எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் எனக்கு அரசு மட்டும்தான் நின்றது.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017-18 கணக்கெடுப்புப்படி, இந்தியக் கிராமங்களில் கணினி இருந்த வீடுகள் 4.4 விழுக்காடு, நகரங்களில் 23.4 விழுக்காடு. ஆர்வம் இருக்கிறவன் எப்படியாவது வாங்கிவிடுவான் என்றால், கிராமத்தில் நூறு வீட்டில் தொண்ணூற்றைந்து வீட்டுக்கு ஆர்வமே இல்லை என்று பொருளா? கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களை ஸ்டால்மன் சொல்லக் கேட்டுக் கைதட்டுகிறோம். அவற்றில் முதலாவது, நிரலை நம் விருப்பப்படி இயக்கும் சுதந்திரம். இயக்குவதற்கு ஒரு பெட்டி வேண்டும். அதைக் கொடுத்தால் மட்டும் அது ‘இலவசம்’, ஓசி, பிச்சை.

இன்னொரு நாள் கூட்டத்தில் வீட்டுக் கேமரா பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்தக் கேமரா படத்தை வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பாது, ஹோம் அசிஸ்டண்ட் போட்டு எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே எப்படி வைத்துக்கொள்வது என்று. உண்மையிலேயே நல்ல பேச்சு, நானும் குறிப்பெடுத்தேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னதை ஒருவர் எடுத்துச் சொன்னார். அடுத்த நிமிடமே அதே நண்பர், “சமையலறைல ஒண்ணு வெச்சிருக்கேன், வேலைக்கார அம்மா எத்தனை மணிக்கு வர்றாங்க, என்ன பண்றாங்கன்னு ஆபீஸ்ல இருந்தே பார்க்கலாம்” என்றார். ஒருவருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

என் அத்தை ஓஎம்ஆரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கி வைத்தார்கள். பக்கத்திலேயே ஐடி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும். அந்த வீடுகளைத் துடைக்கும் கைகள் எங்கிருந்து வருகின்றன என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. அத்தை வாசலில் தன் எண்ணைச் சொன்னால், காவலர் செயலியில் தட்டுவார், வீட்டுக்காரரின் போனுக்குத் தகவல் போகும். வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவாகும். மாலை வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஓட்டலுக்குப் போடுவதுபோல அவருக்கும் வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் போடலாம். தனக்கு எத்தனை நட்சத்திரம் என்று அவருக்குத் தெரியாது. அந்தச் செயலி அவருடைய போனில் இல்லை. அவர் போவதற்கு லிஃப்ட்டும் தனி.

இரட்டைக் குவளை என்றால் நம் நண்பர்கள் கொதித்துப் போவார்கள். அதைத் தேநீர்க் கடையில் மட்டும் தேடிப் பழகிவிட்டார்கள். யார் எந்த வழியாக வர வேண்டும், எதைத் தொடலாம், யார் யாரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று ஊர்த்தெரு வகுத்த விதிகளைச் செயலியாக எழுதினால், அதற்குப் பெயர் ‘ஹோம் ஆட்டோமேஷன்’. அரசு நம்மை வேவு பார்த்தால் தனியுரிமை மீறல்; நாம் அத்தையை வேவு பார்த்தால் பாதுகாப்பு.

இதைக் குழுவில் சொன்னேன். நன்றாகச் சொல்ல வரவில்லை, குரல் நடுங்கியது. “நல்ல பாயிண்ட்தான், ஆனா இங்க அரசியல் வேண்டாமே” என்றார் மூத்தவர் ஒருவர். ஆதாரும் சேனல் முதலாளிகளும் பேசிய அதே நாற்காலிகள்.

இதே குழு ஒரு விஷயத்தை ஒரே மாலையில் செய்து முடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிரலாக்கத்தில் ‘மாஸ்டர்–ஸ்லேவ்’, அதாவது ஆண்டான்–அடிமை, என்ற சொற்கள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. பைத்தான் மொழிக்காரர்கள் 2018இல் அவற்றை மாற்றத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட 2020இல் லினக்ஸ் கர்னல் குழு புதிய நிரல்களில் அச்சொற்களைத் தவிர்க்க முடிவெடுத்தது. கிட்ஹப் தன் முதன்மைக் கிளையின் பெயரை ‘மாஸ்டர்’ என்பதிலிருந்து ‘மெயின்’ என்று மாற்றியது. எங்கள் குழுவும் தன் களஞ்சியங்களில் எல்லாம் மாற்றியது. எதிர்ப்பே இல்லை. சரியான வேலை, நானும் கூட உட்கார்ந்து செய்தேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வலி எங்களுக்குப் புரிந்தது. பெரும்பாக்கம் சற்றுத் தொலைவு.

எல்காட் கதையும் அப்படித்தான். 2006க்குப் பிறகு எல்காட்டை லினக்ஸுக்கு மாற்றிய உமாசங்கர் ஐஏஎஸ் பற்றி மூத்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் தலித் என்பதும், 2010 ஜூலையில் சாதிச் சான்றிதழ் மீதான புகாரைக் காட்டி அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள் என்பதும், சில வாரங்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது என்பதும் அந்தப் பெருமைக் கதையில் வருவதில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒரு சொல். உலகமெங்கும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் எடுத்தாளும் ‘கன்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற நடத்தை விதித்தொகுப்பு இருக்கிறது. லினக்ஸ் கர்னலும் 2018இல் அதை ஏற்றது. எங்கள் குழு அந்த ஆண்டே அதன் 1.4 பதிப்பை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. வயது, பாலினம், உடலமைப்பு, இனம், மதம் என்று யாரும் எதற்காகவும் இழிவுபடுத்தப்படக் கூடாது என்ற நீண்ட பட்டியல் அதில் உண்டு. சாதி இல்லை. பின்னர் வந்த 2.1 பதிப்பில் இனத்துக்கும் நிறத்துக்கும் நடுவே சாதியைச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பதிப்புக்கு மாறுவோம் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

மூன்று பதில்கள் வந்தன. சாதி என்று எழுதினால்தான் சாதி உள்ளே வரும் என்றார் ஒருவர். வைரஸ் தடுப்பு நிரலைப் போட்டால்தான் வைரஸ் வரும் என்று இவர் வேறெங்கும் சொல்ல மாட்டார். இன்னொருவர், நம் குழுவில் யாரும் யாரிடமும் சாதி கேட்டதில்லையே என்றார். கேட்டதில்லை, உண்மை. “சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம், நான்வெஜ்ஜா” என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் யோசிக்க வைத்தது மூன்றாவது பதில்: ‘சமூகப் பொருளாதார நிலை’ என்று பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்குள் சாதி அடங்காதா?

அடங்காது. 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கைப் பாருங்கள். புகாரின் மையத்தில் இருந்தவர் நல்ல சம்பளம் வாங்கிய ஒரு தலித் பொறியாளர். அவர் இடஒதுக்கீட்டில் ஐஐடிக்கு வந்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது புகார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் அரசுத் துறையே விலக்கிக்கொண்டது. தீர்ப்பு எப்படியும் போகட்டும். அந்தப் புகாரில் வறுமை எங்கே இருக்கிறது? பணம் வந்த பிறகும், கடல் கடந்த பிறகும் பின்தொடர்வதாகச் சொல்லப்படும் ஒன்றைப் ‘பொருளாதார நிலை’ என்ற சொல்லால் எப்படிப் பிடிப்பது?

வேறு மாதிரி ஆர்வலர்களும் இருக்கிறார்கள், அதையும் எழுதாமல் விடக் கூடாது. பெங்களூரில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்கள் ஒரு குடிசைப் பகுதிக்குள்ளேயே, பழைய கணினிகளைத் திரட்டி, அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். பிள்ளைகள் அங்கே கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள். எங்கள் மாவட்டத்திலேயே விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிச் சொல்லிக் கொடுக்கிறது. நான் பிளஸ் டூ படித்தபோது அது எனக்குத் தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் அந்த மூன்று நாள் பயம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த கூட்டம் இந்த மாத இரண்டாம் ஞாயிறு. திருத்தத்தைக் களஞ்சியத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். மாற்றம் ஒரே கோப்பில்தான். ஏழு வாரமாக யாரும் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பழைய கணினியை ஊரிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் போட்டால் ஓடுகிறது. ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்து உரித்துவிட்டேன். அதில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன், அதையே கூட்டத்துக்கும் கொண்டுபோகிறேன்.