காணிப்பாக்கத்துச் சத்தியமும் காவல் நிலையத்துப் புகாரும்

மாற்றலாகியோ வேலை தேடியோ தமிழ்நாட்டிலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் குடிவரும் குடும்பத்தார், வீட்டு வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்தபடியாக நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊர் பயமில்லாத ஊர்தானே?" நாமும் அதிகம் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம்: "ஒன்றும் பயமில்லை. பக்கத்திலேயே காணிப்பாக்கம் இருக்கிறது. பொய் சொல்கிறவனும் திருடுகிறவனும் அந்தப் பிள்ளையாருக்குப் பயப்படுவான்."

இந்தப் பதிலில் பக்தி இருக்கிறது. பாதுகாப்பு இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதைப் பற்றித்தான் அன்பர்களோடு சில வார்த்தைகள் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சித்தூரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா நதிக்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். காணி, பாக்கம் இரண்டுமே நமக்குப் பழகிய சொற்கள். 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்க சோழன் எழுப்பிய கோயில் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கிணற்றில் சுயம்புவாகத் தோன்றிய வரசித்தி விநாயகர் இன்றும் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. அவரைச் சத்தியத்தின் காவலராகவே இந்த வட்டாரத்து மக்கள் கருதுகிறார்கள். திருட்டுப் பழியானாலும், கடன் தகராறானாலும் குளத்தில் முழுகி எழுந்து சந்நிதியில் சத்தியம் செய்தால் வழக்கு தீர்ந்தது. குடியை விட்டுவிடுகிறேன் என்று இங்கே சத்தியம் செய்து, அதைக் காப்பாற்றி, குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் உண்டு. ஆந்திர அரசியல்வாதிகள்கூட ஒருவரையொருவர் "காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் செய்யத் தயாரா?" என்று சவால் விடுவதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம்.

தானாக முன்வந்து செய்யும் சத்தியத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறரைப் பிடித்து இழுத்துப்போய்ச் செய்யச் சொல்லும் சத்தியத்தைப் பற்றித்தான் கவலை. வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போகிறது. முதல் சந்தேகம் யார்மேல்? பாத்திரம் துலக்க வரும் அம்மாள்மேல். "நீ எடுக்கவில்லை என்றால் காணிப்பாக்கத்தில் வந்து சத்தியம் செய்" என்கிறோம். அவள் வர மறுத்தால் திருடி. வந்து சத்தியம் செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் திருடி. எந்தப் பக்கம் போனாலும் அவளுக்குத் தப்ப வழியில்லை. வீட்டுக்கு வந்து போன உறவினரையோ, வீட்டுப் பிள்ளையையோ, வீட்டுக்காரரையோ யாராவது சத்தியம் செய்யச் சொன்னதுண்டா? பள்ளத்தில் இருப்பவரிடம் மட்டும் கேட்கப்படும் சத்தியத்தை நீதி என்று எப்படிச் சொல்வது? உண்மையான திருடன் இதற்குள் அடுத்த தெருவில் பூட்டை உடைத்துக்கொண்டிருப்பான்!

சட்டமே ஒரு காலத்தில் இப்படிப்பட்ட சத்தியத்துக்கு இடம் கொடுத்திருந்தது. 1873-ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டப்படி, எதிராளி தன் சமயத்தாரிடம் மதிப்புள்ள ஒரு தனிப் பிரமாணத்தைச் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடுபவர் சொல்லலாம். எதிராளி அப்படிப் பிரமாணம் செய்துவிட்டால் அவர் சொன்னதே முடிவான சாட்சியம். 1969-இல் வந்த புதிய பிரமாணச் சட்டம் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. நீதிமன்றம் விட்டுவிட்டதை நாம் நம் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தலபுராணம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சங்கர், லிகிதர் என்று இரண்டு சகோதரர்கள். பசி தாங்காத தம்பி லிகிதர், பிறர் தோட்டத்து மாம்பழத்தைப் பறித்துவிட்டார். அண்ணன், "நமக்குள் இருக்கட்டும்" என்று மூடி மறைக்கவில்லை. சத்தியம் செய்துவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. விஷயம் அரசனிடம் போயிற்று. அரசன் கைகளை வெட்டினான். பாகுதா நதியில் மூழ்கி எழுந்ததும் லிகிதருக்குக் கைகள் மீண்டும் வந்தன. கையைத் தந்த நதி என்பதால்தான் பாகுதா என்று பெயர். ஒரு பழத்துக்கு இரண்டு கையா என்று நமக்கு மனம் பதைக்கிறது. நதி அந்தக் கைகளைத் திருப்பித் தந்ததைப் பார்த்தால் தெய்வத்துக்கும் பதைத்திருக்கும் போலிருக்கிறது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் அரசனின் விசாரணை, பிறகுதான் தெய்வத்தின் கருணை. நாமோ முதல் படியைத் தாண்டிவிட்டு நேரே இரண்டாம் படிக்குப் போகிறோம்.

சத்தியத்தோடு முடிந்துபோன திருட்டு எந்தக் கணக்கிலும் ஏறாது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வீடு வாங்குமுன் அந்த ஊரின் குற்ற விகிதம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்பதே அந்தக் கணக்கு. சிறிய ஊர்களுக்கு இது பெரிய வேடிக்கை காட்டும். 5,000 பேர் வாழும் ஊரில் ஆண்டுக்கு ஒரு கொலை நடந்தால் லட்சத்துக்கு 20 ஆகிவிடும். 2022-இல் நம் நாட்டுச் சராசரியே சுமார் 2 தான். மறு ஆண்டு ஒன்றும் நடக்காவிட்டால் அதே ஊர் சொர்க்கபுரி! திருப்பதியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2,87,000. திருமலைக்கு நாள்தோறும் வருகிறவர்களோ அறுபது, எழுபது ஆயிரம் பேர். அவர்கள் இங்கே பறிகொடுத்த பொருள் குற்றக் கணக்கில் வரும். அவர்கள் தலை மக்கள்தொகையில் வராது. இதையெல்லாம் எண்ணித்தான் அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையே, "எங்கள் புள்ளிவிவரத்தை வைத்து ஊர்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் கொடுக்காதீர்கள்" என்று எச்சரிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த நாட்டில் 1973 முதல் வீடு வீடாகப் போய், "உங்களுக்கு ஏதேனும் குற்றம் இழைக்கப்பட்டதா? போலீசில் சொன்னீர்களா?" என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். வன்முறைக் குற்றங்களில் பாதிக்கு மேல் போலீசுக்கே போவதில்லை என்று தெரிகிறது. அங்கேயே அப்படியென்றால் இங்கே எப்படி இருக்கும்? இந்தியாவில் கேரளத்தின் குற்றப் பதிவு விகிதம் பல மாநிலங்களைவிட அதிகம். கேரளத்தார் பொல்லாதவர்களா? அவர்கள் தயங்காமல் புகார் கொடுக்கிறார்கள். ஆகவே வழக்கு குறைவு என்பது குற்றம் குறைவு என்பதற்குச் சான்று ஆகாது. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் திருட்டு என்று பதிவேட்டில் இருந்தால்தானே அங்கே ரோந்து வரும்?

நம்மவர் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெளியூர்க்காரர், வாடகை வீடு, தெலுங்கு தடுமாறும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லித் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. "போலீசுக்குப் போனால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும்" என்பதும் உண்மையே. அதே 2015 நவம்பரில் சித்தூர் மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே மேயர் அனுராதாவும் அவர் கணவரும் கொல்லப்பட்ட வழக்கில் தீர்ப்பு வர 10 ஆண்டுகள் ஆயின. 2025 அக்டோபரில்தான் 5 பேருக்குச் சித்தூர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இப்போது அரசனும் நின்றுதான் கொல்கிறான்! ஆனாலும் அன்றே வழக்குப் பதிவானதால்தான் பத்தாண்டு கழித்தாவது தீர்ப்பு வந்தது. பதிவே ஆகாத வழக்குக்கு நூறு ஆண்டு ஆனாலும் தீர்ப்பு இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நமக்குச் சில வசதிகளைத் தருகிறது. கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் சொல்லலாம். திருப்பதியில் நகை பறிபோய், பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று வேலூருக்குத் திரும்பிவிட்ட உங்கள் உறவினர் வேலூரிலேயே புகார் கொடுக்கலாம். வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆபத்து வேளைக்கு 112 இருக்கிறது.

நம் சங்கம் இதில் ஒரு காரியம் செய்யலாம். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், நல்லதுதான். அத்துடன், தெலுங்கில் எழுதப் பேசத் தெரிந்த நான்கைந்து உறுப்பினர்களைத் தேர்ந்து, புகார் கொடுக்கப் போகிறவருக்குத் துணையாக அனுப்பினால் என்ன? நகையைத் தொலைத்த வீட்டுக்காரருக்கு மட்டும் அல்ல, திருட்டுப் பழி சுமத்தப்பட்ட வேலைக்கார அம்மாளுக்கும் அந்தத் துணை கிடைக்க வேண்டும். வீட்டில் நால்வர் சூழ்ந்து நின்று கேட்பதைவிட, நிலையத்தில் துணையோடு பதில் சொல்வது அவளுக்குப் பாதுகாப்பு.

காணிப்பாக்கத்துக்குப் போவோம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வருகிற சதுர்த்தி பிரம்மோற்சவத்துக்கே போவோம். நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொள்வோம். ஆனால் வீட்டில் பொருள் காணாமல் போனால் முதலில் நடக்க வேண்டிய திசை காவல் நிலையம். அதற்காக விநாயகர் நம்மைக் கோபித்துக்கொள்ள மாட்டார்.