ஒயிலுக்கு வடியா, வடிக்கு முன் ஒயிலா?

சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் ஊரைவிட்டு வெளியேறினர். தம் காணிகளுக்கு அவர்கள் திரும்ப முடிந்தது 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே. இவ்வாறு மீளக்குடியேறிய குடும்பத்துக்கு நீரிறைக்கும் டீசல் என்ஜின் நின்றுவிட்டால் வெங்காயமும் மிளகாயும் வாடிவிடும். 2022 நெருக்கடிக்குப் பின் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே, என்ஜினின் ஆயுளைக் கூட்டும் என்று சொல்லப்படும் 'பைபாஸ்' ஒயில் வடியை வாங்கலாமா என்ற கேள்வியை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

சாதாரண வடியினூடாக ஒயில் முழுவதும் ஓடுவதால் அதன் துளைகள் சற்றுப் பெரியவை. நுண்ணிய கரி தப்பிவிடும். பைபாஸ் வடியோ ஒயிலில் சிறு பங்கை மட்டும் எடுத்து, அடர்ந்த தாளினூடாக மெதுவாக வடித்து, மீண்டும் ஒயில் தொட்டிக்கே அனுப்புகிறது. நல்ல முறைதான். ஆனால் அதற்கு ஒயில் அழுத்தம் தேவை. நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுழலும் பழைய லிஸ்டர் வகை என்ஜின்கள் பலவற்றில் ஒயிலைக் கரண்டி போன்ற பாகமே அள்ளித் தெளிக்கிறது. ஒயில் பம்பி இல்லாத என்ஜினில் இதைப் பூட்டிப் பயனில்லை.

பம்பி உள்ள என்ஜினிலும் அவதானம் தேவை. வடிக்குச் செல்லும் வழியில் ஒடுங்கிய துளை இல்லாவிடின் அழுத்தம் குறைந்து பெயரிங்குகள் வரண்டுவிடும். அதிர்வினால் குழாய் வெடித்தால் ஒயில் முழுவதும் கொட்டி என்ஜின் இறுகிவிடும். மேலும், ஒயிலில் கலந்த டீசலையும் அமிலத்தையும் இவ்வடி முழுமையாக நீக்காது. எனவே ஒயில் மாற்றும் கடமை நீங்காது.

எமது கருத்து இதுதான்: நாள் முழுவதும் ஓடும் அரிசி ஆலை என்ஜினுக்கோ, கமக்காரர் அமைப்பின் பொது என்ஜினுக்கோ, அனுபவமுள்ள மெக்கானிக்கின் கையால் பூட்டுவது தகும். தனிக் குடும்பத்தின் சிறு பம்பிக்கு அப்பணத்தில் நல்ல ஒயிலும் காற்று வடியும் வாங்குவதே மேல். கரையோர மணற்காற்று சிலிண்டரை அரிப்பதைத் தடுப்பது காற்று வடியே.

ஒரு கொப்பியில் என்ஜின் ஓடிய மணித்தியாலங்களைக் குறித்து வைப்போம். கைந்நூல் சொல்லும் மணிக்கு ஒயிலை மாற்றுவோம். கழிவு ஒயிலைக் கிணற்றடியிலோ கொட்டியாரக் குடாவிலோ ஊற்றாது, கலனில் சேர்த்துக் கராஜில் ஒப்படைப்போம்.