மொரப்பூருக்கு ஏன் பஸ் ஏறணும்?



சென்னையில் இன்டர்வியூ என்றால் தர்மபுரிக்காரன் முதலில் என்ன செய்கிறான்? சர்டிபிகேட் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொரப்பூருக்கு பஸ் ஏறுகிறான். மெயின் லைன் ரயில் அங்கேதான் நிற்கும். போன வருஷம் நான் போன பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. ஓடிப்போய் ஸ்டேஷனில் நுழைந்தால், ரயிலின் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், 1906-லேயே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ரயில் ஓடியது! இரண்டரை அடி அகல நேரோ கேஜ். 1913-ல் ஓசூர் வரை நீண்டது. பக்கத்தில் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிக்கும் 1905-ல் இதே மாதிரி ஒரு பாதை வந்தது.

வெள்ளைக்காரன் சும்மா போடவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் அப்படி. அன்று நம் பகுதி சேலம் ஜில்லா, மானாவாரி பூமி. மழை பொய்த்தால் கேழ்வரகும் கிடையாது, சோளமும் கிடையாது. அடுத்த பஞ்சத்திலாவது தானிய மூட்டை ஊர் வந்து சேரட்டும் என்று போட்ட பாதைகள் இவை.

சிவில் நண்பர்களுக்குத் தெரியும்: சின்ன கேஜ் என்றால் வளைவை நெருக்கி எடுக்கலாம், மண் வேலை குறைவு, செலவு மிச்சம். ஆனால் மொரப்பூர் மெயின் லைன் பிராட் கேஜ், 1676 மில்லிமீட்டர். நம்முடையதோ 762. வேகன் எப்படி மாறி ஓடும்? ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி மறுபடி ஏற்றணும். கூலி தண்டம், நேரம் தண்டம். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் வந்தபின் யார் காத்திருப்பான்? கிருஷ்ணகிரி பாதை 1936-ல் மூடப்பட்டது. நம்முடையது உலகப் போரின் நடுவே 1941-ல். தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்தது, தண்டவாளம் திரும்பவில்லை.

என் கருத்து இதுதான்: பஞ்சத்துக்கென்று போட்ட பாதையை டிக்கெட் வசூலை வைத்து எடை போடக்கூடாது. தீயணைப்பு வண்டி லாபத்தில் ஓடுகிறதா என்று யாராவது கேட்கிறோமா?

1960-களின் கடைசியில் சேலம்–பெங்களூர் பாதை தர்மபுரி வழியாக வந்தது, சரி. மொரப்பூர் இணைப்பு? 2016-17 ரயில்வே பட்ஜெட்டில்தான் 36 கிலோமீட்டர் புதுப் பாதைக்கு அனுமதி கிடைத்தது. 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு நிலம் எடுக்கும் படலம்! பழைய தடத்தை அன்றே முழுசாகக் கட்டிக் காத்திருந்தால் இந்த அலைச்சல் பாதியாவது குறைந்திருக்காதா?

பாதை வரும்வரை, இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் ஒரு பஸ் முன்னதாகவே கிளம்புங்கள்.